சுயதொழில் செய்யும் பெண்ணுக்குக் காப்புறுதி: எதை முதலில் எடுப்பது?

(எமது கல்லூரியின் நூற்றாண்டை முன்னிட்டு, சுயதொழில் செய்யும் அங்கத்தவர்களுக்காகப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் சீனி வருத்தத்தைப் பற்றியோ மார்பகப் புற்றுநோயைப் பற்றியோ பேசுவார் என்றுதான் பலரும் நினைத்து வந்திருப்பீர்கள். இன்று எனக்குத் தரப்பட்ட தலைப்பு காப்புறுதி. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எந்தக் காப்புறுதி நிறுவனத்துக்கும் முகவர் அல்ல. எந்த நிறுவனத்தின் பெயரையும் இந்த மேடையில் சொல்லப்போவதும் இல்லை. இருந்தும் இதைப் பேச ஒப்புக்கொண்டதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, நானும் இப்போது உங்களில் பலரைப்போல் சுயதொழில் செய்பவள். பல ஆண்டுகள் அரச வைத்தியசாலைகளில் கடமையாற்றிய பின் விலகி, ஒரு சிறிய மருத்துவ நிலையத்தைச் சொந்தமாக நடத்துகிறேன். மற்றது, காப்புறுதி முகவர் உங்களைச் சந்திப்பது நீங்கள் சுகமாக இருக்கும் நாளில். வைத்தியர் உங்களைச் சந்திப்பது இழப்பீடு கேட்பதற்கான படிவத்தை நிரப்பித் தரும்படி நீங்கள் கொண்டுவரும் நாளில். அந்த நாளில் என்ன நடக்கிறது என்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

இங்கே தையல் நிலையம் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் கேக் செய்து விற்பவர்கள், ரியூசன் கொடுப்பவர்கள், அழகுக்கலை நிலையம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். இளம் தங்கைமார் பலர் வீட்டிலிருந்தே கணினியில் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மொழிபெயர்ப்பும் வடிவமைப்பும் கணக்கு வேலையும் செய்கிறார்கள். இந்த மலர் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சிட்னிக்கும் போகும். அங்கேயும் எமது பிள்ளைகள் இதே தொழில்களைத் தனியாகச் செய்கிறார்கள்.

மாதச் சம்பளம் வாங்குபவருக்கும் எங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் பார்ப்போம். இலங்கையில் அரச ஊழியருக்கு ஓய்வூதியம் உண்டு, அக்ரஹார மருத்துவக் காப்புறுதி உண்டு, சம்பளத்துடன் கூடிய விடுமுறை உண்டு. தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு ஊழியர் சேமலாப நிதி உண்டு. அவர் 8 வீதம் கட்டினால் முதலாளி 12 வீதம் கட்டுகிறார். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 வீதம் கட்டுகிறார். பிள்ளை பிறந்தால் 84 நாள் மகப்பேற்று விடுமுறை உண்டு. வேலையில் கை இயந்திரத்தில் அகப்பட்டால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது.

சுயதொழில் செய்பவளுக்கு இவற்றில் ஒன்றும் தானாக வராது. முதலாளியும் அவளே, தொழிலாளியும் அவளே. முதலாளியாக இருந்து தொழிலாளிக்குச் செய்யவேண்டியதை அவள் தனக்குத் தானே செய்துகொள்ள வேண்டும். நான் அரச சேவையை விட்டபோது எனக்கு நானே எழுதிப் பார்த்த பட்டியல் இதுதான்.

அடுத்த கேள்வி, எந்தக் காப்புறுதி நல்லது என்பது. என்னிடம் மருந்து கேட்டு வருபவர்களும் இப்படித்தான் கேட்பார்கள், "டொக்டர், எந்த விற்றமின் நல்லது?" என்று. உடம்பைப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. காப்புறுதியும் அப்படியே. ஒரு கடதாசியை எடுத்து மூன்று நிரல்கள் போடுங்கள். முதல் நிரலில், உங்கள் தொழிலில் நடக்கக்கூடிய கெட்ட காரியங்களை எழுதுங்கள். இரண்டாவதில், அது நடந்தால் எவ்வளவு பணம் போகும், எத்தனை கிழமை வருமானம் நிற்கும் என்று எழுதுங்கள். மூன்றாவதில், அந்தப் பணத்தை எங்கே எடுப்பீர்கள் என்று எழுதுங்கள். வங்கிச் சேமிப்பு, சீட்டு, அடகு வைக்க நகை, வெளிநாட்டில் இருக்கும் தம்பி, எது உண்மையில் இருக்கிறதோ அதை எழுதுங்கள்.

கேக் அடிக்கும் இயந்திரம் பழுதானால் சீட்டுக் காசில் திருத்தலாம். அதற்குக் காப்புறுதி தேவையில்லை. மூன்றாவது நிரலில் எழுத ஒன்றும் கிடைக்காமல் வெறுமையாக விடும் வரிகள் சில இருக்கும். காப்புறுதி வேண்டியது அந்த வரிகளுக்குத்தான். சிறிய நட்டத்தைச் சேமிப்பால் தாங்குங்கள். எழும்ப முடியாத நட்டத்துக்குக் காப்புறுதி எடுங்கள். இந்த ஒரு விதியை வைத்துப் பார்த்தால் முகவர் காட்டும் பத்துத் திட்டங்களில் எட்டைத் தள்ளிவைக்க முடியும்.

எழும்ப முடியாத நட்டங்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகின்றன. எங்களால் பிறருக்கு ஏற்படும் கேடு, எங்கள் உடம்புக்கு வரும் கேடு, எங்கள் பொருளுக்கும் இடத்துக்கும் வரும் கேடு. எங்கள் ஆட்கள் காப்புறுதி என்றவுடன் நினைப்பது கடைசியில் சொன்னதைத்தான். நான் முதலாவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கு மட்டும் மேல் எல்லை இல்லை. ஒரு தையல் இயந்திரம் எரிந்தால் போவது அந்த இயந்திரத்தின் விலை. ஒரு வாடிக்கையாளரின் தலைமயிரும் தோலும் இரசாயனத்தால் வெந்துபோனால் என்ன போகும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

எமது துறையிலிருந்து ஓர் உதாரணம். 1990களில் கொழும்பில் ஒரு பிரபல குழந்தை வைத்திய நிபுணருக்கு எதிராகக் கவனயீன வழக்கொன்று தொடரப்பட்டது. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா நட்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. அது மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போய், பின்னர் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2001இல் உயர் நீதிமன்றம் வைத்தியருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் சரி பிழையை நான் இங்கே பேசவில்லை. கடைசியில் வென்றாலும் இடையில் பல ஆண்டுகள் சட்டத்தரணிகளுக்குச் செலவழிக்க வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள். பொறுப்புக் காப்புறுதி எடுக்கும்போது நட்டஈட்டுத் தொகையை மட்டும் பார்க்காமல், வழக்காடும் செலவையும் அது தருமா, அந்தச் செலவு காப்புறுதித் தொகைக்கு உள்ளே அடங்குமா அல்லது அதற்கு மேலதிகமாகத் தரப்படுமா என்று கேளுங்கள்.

கணினியில் வெளிநாட்டு வேலை செய்யும் தங்கைமாருக்கு இரண்டு விடயங்கள். உங்கள் மொழிபெயர்ப்பிலோ கணக்கிலோ பிழை வந்து வாடிக்கையாளருக்கு நட்டம் ஏற்பட்டால் அதைத் தாங்குவது தொழில்சார் பொறுப்புக் காப்புறுதி. இலங்கையில் எழுதப்படும் அத்தகைய பத்திரங்களில் எந்த நாட்டு நீதிமன்றத்தின் தீர்ப்புவரை காப்பு உண்டு என்று ஒரு வரி இருக்கும். அமெரிக்காவும் கனடாவும் பல தடவைகளில் விலக்கப்பட்டிருக்கும். உங்கள் வாடிக்கையாளர் நியூயோர்க்கில் இருந்து, பத்திரம் இலங்கைக்குள் மட்டும் செல்லுமானால் நீங்கள் கட்டும் காசு வீண். மற்றது, இவ்வகைப் பத்திரங்களில் பெரும்பாலானவை முறைப்பாடு வரும் நாளில் நடைமுறையில் இருக்க வேண்டும். வேலை செய்த நாளில் இருந்தது போதாது. ஆகவே தொழிலை விட்ட அன்றே பத்திரத்தையும் நிறுத்திவிடாதீர்கள். முந்திய வேலைக்கான காப்பை எவ்வளவு காலம் நீடிக்கலாம் என்று கேட்டு வையுங்கள்.

உதவிக்கு ஒரு பிள்ளையைச் சம்பளத்துக்கு வைத்திருந்தால் நீங்கள் முதலாளி. அவள் உங்கள் வேலையில் காயப்பட்டால் நட்டஈட்டுப் பொறுப்பு உங்களுடையது. அதற்கெனத் தொழிலாளர் நட்டஈட்டுக் காப்புறுதி இருக்கிறது. ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் சேமலாப நிதி கட்டவேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கண்டிப்பானது. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆள் வைத்து வேலை வாங்குபவர் குறைந்தது 50 இலட்சம் பவுணுக்கு முதலாளிப் பொறுப்புக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். அங்கே வீட்டில் கேக் செய்து விற்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சாதாரண வீட்டுக் காப்புறுதி வீட்டில் நடக்கும் வியாபாரத்தைத் தாங்காமல் போகலாம். சாதாரண கார்க் காப்புறுதியும் சாமான் விநியோகத்துக்குச் செல்லாமல் போகலாம். கடலையோ கஜுவோ ஒவ்வாத ஒரு பிள்ளை உங்கள் கேக்கைச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு வைத்தியராக நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இங்கேயும் ஸ்கூட்டியில் கேக் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சட்டம் கேட்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதியை மட்டுமே. அது நீங்கள் இடித்தவருக்கு. உங்கள் வண்டிக்கோ உங்கள் காலுக்கோ அல்ல. தொழிலுக்குப் பாவிக்கும் வண்டி என்றால் அதை நிறுவனத்துக்குச் சொல்லி எழுதுவிக்க வேண்டும்.

இனி உடம்புக்கு வருகிறேன். எங்கள் நாட்டில் அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். இது சாதாரண விடயம் அல்ல. வெளிநாட்டில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் வாட்டில் படுத்திருக்கும் பெண்ணின் தையல் ஓடரை யார் தைப்பது? எங்கள் சுயதொழில் குடும்பங்களை விழுத்துவது சிகிச்சைச் செலவு மட்டும் அல்ல. வேலை செய்ய முடியாத கிழமைகளும்தான். கர்ப்பப்பை அகற்றும் சத்திரசிகிச்சை செய்தவருக்கு நான் ஆறு கிழமை பாரம் தூக்க வேண்டாம் என்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே, "இரண்டு கிழமையில் கலியாண ஓடர் இருக்கு டொக்டர்" என்பார். அப்படிப் போய்த் தையல் பிரிந்து வந்தவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே மருத்துவக் காப்புறுதி பார்க்கும்போது தனியார் வைத்தியசாலைக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். வாட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கையில் பணம் தரும் திட்டங்கள் இருக்கின்றன. அவை அரச வைத்தியசாலையில் இருந்தாலும் தருமா, முதல் எத்தனை நாளுக்குத் தராது என்று கேளுங்கள். புற்றுநோய், மாரடைப்பு, பாரிசவாதம் போன்ற கடும் நோய் கண்டறியப்பட்டால் ஒரு தொகையை மொத்தமாகத் தரும் திட்டங்களும் உண்டு. மொத்தமாக வரும் பணத்தில் வீட்டுச் செலவையும் கடன் தவணையையும் பார்த்துக்கொள்ளலாம். எமக்கு அதுதான் கூடுதலாக உதவும்.

தனிநபர் விபத்துக் காப்புறுதி மலிவானது, நல்லதும்கூட. ஆனால் அதன் பெயரைக் கவனியுங்கள். விபத்துக்கு மட்டும்தான் அது. டெங்குவுக்கும் முதுகுவலிக்கும் புற்றுநோய்க்கும் அது ஒரு சதமும் தராது. என் அறைக்கு வரும் பெண்களை வேலையிலிருந்து நிறுத்துவது விபத்தைவிட நோயே. விபத்துப் பத்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு உடம்புக்கு முழுக் காப்பு இருக்கிறது என்று நம்பியிருப்பவர்கள் பலர்.

மகப்பேற்றைப் பற்றி இளம் தங்கைமார் கேட்பார்கள். பல திட்டங்கள் மகப்பேற்றை விலக்கியிருக்கும், அல்லது பத்திரம் எடுத்துக் குறிப்பிட்ட மாதங்கள் போன பின்னரே தரும். கர்ப்பம் தரித்த பின் எடுக்க முடியாது. எதிர்பார்த்து வரும் செலவுக்குச் சேமிப்புத்தான் வழி. 84 நாள் விடுமுறையை உங்களுக்கு நீங்களே கொடுப்பதானால் மூன்று மாத வீட்டுச் செலவை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும்.

முதுமைக்கும் இரண்டு வாசல்கள் திறந்திருக்கின்றன. 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபை சுயதொழில் செய்வோருக்கு ஓய்வூதியத் திட்டம் நடத்துகிறது. பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்திலும் சுயதொழில் செய்பவர் தானாகச் சேர்ந்து கட்டலாம். ஆயுள் காப்புறுதியைச் சேமிப்பாக நினைத்து எடுப்பவர்களுக்கு ஒரு சொல். முதல் சில ஆண்டுகளுக்குள் கட்டாமல் விட்டால் கட்டியதில் பெரும்பகுதி திரும்பி வராது. சுயதொழிலில் வருமானம் ஒரே மாதிரி இராது. நல்ல மாதத்தைப் பார்த்துத் தவணையைத் தீர்மானிக்காதீர்கள். ஆண்டிலே ஆகக் குறைந்த வருமானம் வந்த மாதத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

மூன்றாவது, பொருளும் இடமும். தீக் காப்புறுதியின் அடிப்படைப் பத்திரம் நெருப்பையும் மின்னலையும்தான் முதலில் தாங்குகிறது. வெள்ளம், புயல் என்பன கேட்டுச் சேர்க்க வேண்டியவை. 2008இல் நிஷா புயலையும் 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வெள்ளத்தையும் கண்ட எமக்கு அவை மேலதிகம் அல்ல. கலகம், வேலைநிறுத்தம், குடியியற் குழப்பம், பயங்கரவாதம் என்பனவற்றுக்கான காப்பும் தனியாகச் சேர்க்கப்படுவதே. அதற்கான அரச நிதியத்தைத் தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் நடத்துகிறது. 1983இல் கடைகளை இழந்த குடும்பங்களின் பிள்ளைகளும் எங்களோடு இதே வகுப்புகளில் இருந்து படித்தார்கள். அந்த வரி ஏன் தேவை என்று இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் ஏறி இறங்கிக் கணினி பழுதானால் தீக் காப்புறுதி கைகொடுக்காது. அதற்கு மின்னணுச் சாதனக் காப்புறுதி வேறாக உண்டு.

காப்புறுதித் தொகையைக் குறைத்துப் போட்டுத் தவணைப்பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தக் கணக்கைக் கேளுங்கள். உங்கள் கடையில் 10 இலட்சம் ரூபா பெறுமதியான இயந்திரமும் துணியும் இருக்கின்றன. நீங்கள் 5 இலட்சத்துக்கு மட்டும் காப்புறுதி செய்கிறீர்கள். தீப்பிடித்து 4 இலட்சத்துக்கு நட்டம். நிறுவனம் 4 இலட்சம் தரும் என்றுதானே நினைப்பீர்கள்? 2 இலட்சம்தான் தரும். பாதிப் பெறுமதிக்குக் காப்புறுதி செய்தவருக்குப் பாதி நட்டமே கிடைக்கும். இதைச் சராசரி விதி என்பார்கள். பெரும்பாலான தீப் பத்திரங்களில் இது இருக்கிறது.

உண்மையான பெறுமதியை எழுதியவருக்கும் இந்தச் சிக்கல் வரலாம். 2022 மார்ச் மாதத்துக்கு முன் ஓர் அமெரிக்க டொலர் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது. சில கிழமைகளில் 300ஐத் தாண்டியது. வெளிநாட்டிலிருந்து வரும் இயந்திரங்களின் விலையும் அதோடு ஏறியது. பழைய தொகையிலேயே பத்திரத்தைப் புதுப்பித்தவர்கள் தெரியாமலே பாதிக் காப்புறுதிக்காரர் ஆகிவிட்டார்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது இன்று இதை வாங்க எவ்வளவு என்று கடையில் விசாரித்து எழுதுங்கள். பற்றுச்சீட்டுகளைப் படம் எடுத்துப் பிள்ளைகளிடமோ அக்காவிடமோ அனுப்பி வையுங்கள். கடையோடு பற்றுச்சீட்டும் எரிந்தால் எதைக் காட்டுவது?

இப்போது நான் கூடுதலாகச் சொல்ல விரும்பிய விடயத்துக்கு வருகிறேன். நோயாளர்களை இனங்காணக்கூடிய விபரங்களை விட்டுவிட்டுச் சொல்கிறேன்.

மருத்துவ இழப்பீட்டுப் படிவத்தில் வைத்தியர் நிரப்பும் பகுதி ஒன்று இருக்கிறது. அதில் ஒரு கேள்வி: இந்த நோய் எப்போது தொடங்கியது? அந்த இடத்துக்கு வந்ததும் சிலர் குரலைத் தாழ்த்தி, "டொக்டர், திகதியைக் கொஞ்சம் பிந்திப் போடுங்கோ" என்று கேட்பார்கள். கேட்பவர் கெட்டவர் அல்ல. பல ஆண்டு தவணைப்பணம் கட்டியவர். ஆனால் நான் அதை எழுத முடியாது. எழுதினால் அது பொய்ச் சான்றிதழ். எழுதினாலும் பயன் இல்லை. நிறுவனம் கிளினிக் கொப்பியைக் கேட்கும். பிரஷர் மாத்திரை முதன்முதல் கொடுத்த திகதி அதில் இருக்கும்.

நடப்பது பெரும்பாலும் இதுதான். முகவர் வீட்டுக்கு வருகிறார். தெரிந்தவர், சில வேளை சொந்தக்காரர். முன்மொழிவுப் படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. "வருத்தம் ஒன்றும் இல்லைத்தானே?" என்று கேட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று அவரே அடையாளமிடுகிறார். கையொப்பம் மட்டும் அந்தப் பெண்ணுடையது. அவளுக்கு ஏழு வருடமாகச் சலரோகம். அதைச் சொல்லாததற்குக் காரணங்கள் இருக்கின்றன. சொன்னால் தவணை கூடும் என்ற பயம். மகளுக்குச் சம்பந்தம் பேசும் நேரத்தில் வீட்டில் வருத்தம் என்று வெளியே தெரியக்கூடாது என்ற பயம். கணவருக்கே தெரியாமல் மருந்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். என் அறைக்கு வெளியே வேறு யாருக்கும் தெரியாத நோய்கள் எத்தனையோ.

பிறகு ஒரு நாள் பாரிசவாதம் வருகிறது. வலக்கை இயங்கவில்லை. தையல் தொழில் அன்றோடு முடிகிறது. இழப்பீடு கேட்டால் நிறுவனம் மறுத்துவிடுகிறது. காப்புறுதிக்காரர் ஏமாற்றிவிட்டார்கள் என்று குடும்பம் சொல்கிறது. ஆனால் படிவத்தில் இருக்கும் "இல்லை" என்ற சொல்லின் கீழே அவளுடைய கையொப்பம் இருக்கிறது.

காப்புறுதி ஒப்பந்தம் சாதாரண கொடுக்கல் வாங்கல் போன்றது அல்ல. கேட்கப்படும் முக்கியமான விடயத்தை உள்ளபடி சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு. அவள் அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? தவணைப்பணம் கூடியிருக்கலாம். சலரோகமும் அதனால் வரும் நோய்களும் விலக்கப்பட்டிருக்கலாம். முதலில் இரத்தப் பரிசோதனை கேட்டிருக்கலாம். எது நடந்தாலும், எதற்குக் காப்பு இருக்கிறது, எதற்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். பாரிசவாதத்துக்கு இல்லை என்றால் அதற்காக வேறாகச் சேமித்திருப்பாள். பொய்யாக எழுதிய பத்திரத்தில் அந்த நிச்சயம் இல்லை. பின்னர் புற்றுநோய் வந்தாலும், விபத்து நடந்தாலும், பழைய பொய்யைக் காட்டி மறுக்க இடம் இருக்கிறது. நோயை மறைத்து எடுத்த பத்திரத்துக்குக் கட்டும் பணத்தை உண்டியலில் போட்டிருந்தாலும் மிஞ்சியிருக்கும்.

ஆகவே அக்காமாரே, தங்கைமாரே, படிவத்தை நீங்களே நிரப்புங்கள். தமிழில் தரும்படி கேளுங்கள். விளங்காத கேள்விக்குப் பதில் எழுத வேண்டாம். குடிக்கும் மாத்திரைகளின் பெயரைப் பார்த்து எழுதுங்கள். முன்பு செய்த சத்திரசிகிச்சை, கர்ப்பகாலத்தில் வந்து போன சலரோகம், பிழையாக வந்த ஸ்கான், எல்லாவற்றையும் எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் வைத்தியரிடம் படிவத்தைக் கொண்டுபோங்கள். பத்து நிமிட வேலைதான். முகவர் சொந்தக்காரர் என்பதால் எழுதக் கூச்சமாக இருந்தால், வேறு முகவரைத் தேடுங்கள், அல்லது நிறுவனக் காரியாலயத்துக்கே நேரில் போய்க் கொடுங்கள். நிரப்பிய படிவத்தின் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இது உடம்புக்கு மட்டும் அல்ல. வீட்டில் கடை நடத்துவதையும், கடைக்குப் பின்னால் சமையல் எரிவாயுச் சிலிண்டர் வைத்திருப்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இழப்பீடு கேட்க நேர்ந்தால் நாள் கடத்தாமல் எழுத்தில் அறிவியுங்கள். பத்திரத்தில் நாள் எல்லை போட்டிருக்கும். நியாயம் இல்லாமல் மறுத்தார்கள் என்று நினைத்தால் அழுதுவிட்டு இருந்துவிடாதீர்கள். மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்துக்கே முறையிடுங்கள். பயன் இல்லையென்றால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். உண்மையைச் சொல்லிப் பத்திரம் எடுத்தவர் அங்கே தலை நிமிர்ந்து பேச முடியும்.

முடிவாகச் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள்கள். எமது பழைய மாணவிகளுக்குள் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், கணக்காளர்கள் இருக்கிறார்கள், வங்கி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். ஆண்டில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் எங்கள் கல்லூரி மண்டபத்தில் கூடுவோம். பத்திரங்களைக் கொண்டு வாருங்கள். விதிவிலக்குப் பகுதியை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவோம். நோய் விபரங்களை வாசிக்கத் தேவையில்லை. அவற்றைத் தனியாகக் கேட்க நானும் வேறு இரு வைத்தியர்களும் ஓர் அறையில் இருப்போம்.

மற்றது, வெளிநாட்டுக் கிளைகளில் இருக்கும் அக்காமாருக்கு. கணவரை இழந்த தோழிகளுக்கும் வசதி குறைந்த பழைய மாணவிகளுக்கும் நீங்கள் தையல் இயந்திரங்களும் மடிக்கணினிகளும் வாங்கிக் கொடுத்து வருகிறீர்கள். அது பெரிய உதவி. இனிமேல் கொடுக்கும் ஒவ்வோர் இயந்திரத்தோடும் அதற்கான முதலாம் ஆண்டுத் தவணைப்பணத்தையும், அதைப் பாவிக்கும் பெண்ணுக்கு ஒரு மருத்துவப் பரிசோதனைச் செலவையும் சேர்த்துக் கொடுங்கள். முன்மொழிவுப் படிவத்தை உண்மையாக நிரப்ப அவளுக்கு அந்தப் பரிசோதனை உதவும். இயந்திரத்தைவிட அதை இயக்கும் பெண்தான் அந்தக் குடும்பத்தின் முதல் என்பதை அவளும் அறிந்துகொள்வாள்.